கடைசி நாவல்

ஒரு நாவலாசிரியரின் கடைசி நாவலுக்கு மதிப்புரை எழுதுவது தர்மசங்கடமான காரியம். நாவல் நன்றாக இருந்துவிட்டால் தொல்லையில்லை. நன்றாக இல்லாவிட்டால், ‘ஆசிரியருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம்மவர்களின் வழக்கம். நானும் ஓரிரு தடவை அப்படி எழுதியிருக்கிறேன். எழுதிய மறுவாரம் மறந்தும் போயிருக்கிறேன். ஆனால் ஐரிஸ் மர்டாக் என்ற ஆங்கில நாவலாசிரியையின் கடைசி நாவலையும், அதைப் பற்றிப் பிற்பாடு வெளியான சில விஷயங்களையும் படித்த பிறகு, அந்த ஒரு வரி என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது.

மர்டாக் 1919-ல் டப்ளின் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் தத்துவம் போதித்தவர். ‘வலைக்கு அடியில்’ என்று பொருள்படும் முதல் நாவல் 1954-ல் வெளிவந்தது. ‘கடல், கடல்’ என்ற நாவலுக்கு 1978-ல் புக்கர் பரிசு கிடைத்தது. மொத்தம் 26 நாவல்கள். 1995-ல் வந்த கடைசி நாவலின் பெயரை ‘ஜாக்ஸனின் தர்மசங்கடம்’ என்று தமிழ்ப்படுத்தலாம்.

கதை இதுதான். மறுநாள் கல்யாணம். முதல் நாள் இரவு மணப்பெண்ணிடமிருந்து ஒரு சீட்டு வருகிறது. கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்கிறாள். பெண்ணைக் காணவில்லை. உறவினரும் சிநேகிதர்களும் லண்டனுக்கும் கிராமத்துக்குமாக அலைகிறார்கள்; கூடிக் கூடிப் பேசுகிறார்கள்; அழுகிறார்கள். எங்கிருந்தோ வந்து ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஜாக்ஸன் என்பவன்தான் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறான். யார் யாருக்கு ஜோடி என்பது கடைசியில் ஒழுங்காகிவிடுகிறது.

மர்டாக்கின் பழைய வாசகர்களுக்கு இந்தக் கதைப்போக்கு புதிதல்ல. இத்தகைய சிக்கல்களை வைத்து அவர் வெகு அழகான நாவல்கள் எழுதியிருக்கிறார். ஆனால் ‘கடல், கடல்’ நாவலைப் படித்துவிட்டு இதை எடுத்தால் ஏதோ குறைவது தெரிகிறது. அந்த நாவலில் சார்ல்ஸ் ஆரோபி என்ற ஓய்வு பெற்ற நாடகக்காரர் கடற்கரை வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் என்ன சமைத்தார், எதை எதோடு சேர்த்துச் சாப்பிட்டார் என்பதுகூட வேளை வேளையாக வருகிறது. கடல் ஒரே கடல்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறுகிறது. கடைசி நாவலிலோ மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சுற்றிச் சாமான்கள் இல்லை. எல்லோரும் ‘என்ன செய்வது, எங்கே போனாள்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு விஷயம் எழும்புகிறது. அடுத்த அத்தியாயத்தில் அதைக் காணோம். நாவல் வந்தபோது விமர்சகர்கள் பலருக்கு அது ரசிக்கவில்லை. பெரிய எழுத்தாளர் என்பதால் சிலர் மரியாதையாக நழுவினார்கள். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவர்கள் யாருக்கும் அப்போது தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1994-லேயே இஸ்ரேலில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில், சபையிலிருந்து வந்த கேள்விகளுக்கு மர்டாக்கால் பதில் சொல்ல முடியவில்லை. அல்ஸைமர் வியாதி என்று வைத்தியர்கள் சொன்னது 1997-ல். 1999 பிப்ரவரியில் இறந்துபோனார். இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்ததில் வியாதி ஊர்ஜிதமாயிற்று. அதாவது அந்த வியாதி வெளியே தெரிவதற்கு முன்னாலேயே உள்ளே இருந்துகொண்டு வேலை செய்திருக்கிறது. நாவல் எழுதின கைக்குப் பக்கத்திலேயே அதுவும் உட்கார்ந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

லண்டனில் பீட்டர் கரார்ட் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதை 2005-ல் ஆராய்ந்து எழுதினார்கள். முதல் நாவல், பரிசு பெற்ற நாவல், கடைசி நாவல் மூன்றையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை வைத்துச் சொற்களை எண்ணினார்கள். இந்தக் காரியத்துக்கு மர்டாக்கை விடப் பொருத்தமான ஆசிரியர் கிடைப்பது அருமை. அவர் கையாலேயே எழுதுவார். பதிப்பாசிரியர் தம் எழுத்தில் கை வைப்பதை அநேகமாக அனுமதிக்க மாட்டார். ஆகையால் அச்சில் இருப்பது அவருடைய சொந்தச் சொற்கள்தாம். சொல்வளம் மிகவும் அதிகமாக இருந்தது ‘கடல், கடல்’ நாவலில். மிகவும் சுருங்கியிருந்தது கடைசி நாவலில். வாக்கிய அமைப்பிலோ இலக்கணத்திலோ அவ்வளவு மாறுதல் இல்லை.

இது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களையே பாருங்கள். “அந்த இதை எடுத்து இந்த இதுக்குள்ளே வை” என்கிறார்கள். வாக்கியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பெயர்ச்சொல்தான் ஊருக்குப் போய்விட்டது.

அகதா கிறிஸ்டி விஷயத்திலும் இப்படி ஓர் ஆராய்ச்சி உண்டு. டொரொண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அயன் லங்காஷயர், கிரேம் ஹர்ஸ்ட் இருவரும் அதை 2009-ல் வெளியிட்டார்கள். 1972-ல் வந்த ‘யானைகளுக்கு ஞாபகமிருக்கும்’ என்ற நாவலில் சொற்களின் ரகம் வெகுவாகக் குறைந்திருந்ததாம். ‘ஏதோ ஒன்று’, ‘அந்த விஷயம்’ என்பது போன்ற பிடிப்பில்லாத சொற்கள் கூடியிருந்தனவாம். அந்த நாவலின் கதை என்ன தெரியுமா? ஒரு நாவலாசிரியை, பழைய சாவு ஒன்றைப் பற்றிக் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் போய், ஞாபகமிருப்பதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள்! கிறிஸ்டிக்கு டிமென்ஷியா என்று அவர் உயிரோடிருந்த காலத்தில் எந்த வைத்தியரும் சொன்னதாகப் பதிவு இல்லை. ஆனாலும் அந்தக் கதையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எண்ணும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. 2011-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில் பி. டி. ஜேம்ஸ் என்ற மர்மக்கதை ஆசிரியையையும் சேர்த்துப் பார்த்தார்கள். தொண்ணூறு வயதுக்கு மேலும் எழுதிய அந்த அம்மாளின் சொற்களில் இந்த மாதிரித் தேய்வு காணப்படவில்லை. ஆகவே இது வயதின் குணம் மட்டுமல்ல என்று ஆகிறது.

இருந்தாலும் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. தமிழில் எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர் இருபத்தைந்து வயதில் ‘காரிருள்’, ‘மையிருள்’, ‘அந்தகாரம்’, ‘கங்குல்’ என்று அகராதியையே கொட்டி எழுதிவிட்டு, நாற்பது வயதில் ‘இருட்டு’ என்ற ஒரு சொல்லுக்கு வந்து சேர்கிறோம். எண்ணிப் பார்க்கிற யந்திரத்துக்கு இது தேய்வு. எங்களுக்கு இது தேர்ச்சி. சொல் குறைந்ததற்கு வியாதியும் காரணமாக இருக்கலாம், விவேகமும் காரணமாக இருக்கலாம். எண்ணிக்கை சந்தேகத்தைக் கிளப்பலாமே தவிர, தீர்ப்புச் சொல்ல முடியாது. மர்டாக் விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது மூளைப் பரிசோதனைதான்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நானும் ஒருநாள் ராத்திரி என் முதல் நாவலையும் சமீபத்திய நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். ‘என்னமோ’ என்ற சொல் பழைய நாவலின் முதல் 50 பக்கத்தில் 4 இடத்திலும், புதிய நாவலில் 19 இடத்திலும் வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்து, “உங்களுக்குக் கணக்குப் பார்க்கணும்னா பால் கணக்கு மூணு மாசமா அப்படியே கிடக்கு” என்றாள். நோட்டை மூடி வைத்துவிட்டேன். பயம் மட்டும் மூடிக்கொள்ளவில்லை.

மர்டாக்கின் கணவர் ஜான் பேய்லி இலக்கியப் பேராசிரியர். மனைவியைப் பற்றி அவர் எழுதிய ‘ஐரிஸ்’ என்ற நினைவுக் குறிப்பு 1998-ல் வெளிவந்தது. பல வருஷங்களாகப் போய்ப் பழகிய ஆற்றங்கரைக்கு இருவரும் வெயில் காலத்தில் குளிக்கப் போவதில் அந்தப் புத்தகம் ஆரம்பிக்கிறது. நீச்சலில் அத்தனை ஆசை இருந்த அம்மாளைக் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்க வேண்டியிருக்கிறது. காலையில் டெலிவிஷனில் குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்க்கிறார். எப்போது கிளம்புகிறோம் என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறார். பேய்லிக்குச் சில சமயம் கோபம் வந்துவிடுகிறது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ள அவர் முயலவில்லை என்பதுதான் புத்தகத்தின் பெரிய பலம்.

ஆனால் புத்தகம் வெளியானபோது மர்டாக் உயிரோடிருந்தார். தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவோ, ‘வேண்டாம்’ என்று சொல்லவோ அவரால் முடியாது. தம் எழுத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடப் பிறர் தொட விடாதவருடைய கதியை, அவர் அனுமதி இல்லாமலே இன்னொருவர் அச்சில் ஏற்றினார். இதை ஒரு குறையாகவே நான் நினைக்கிறேன். கார்ஸியா மார்க்வெஸ் விஷயமும் இதை ஒட்டியதுதான். ஞாபகம் தளர்ந்த காலத்தில் அவர் எழுதி, பயன்படாது என்று ஒதுக்கிய ஒரு சிறு நாவலைப் பிள்ளைகள் 2024-ல் வெளியிட்டார்கள். அதை முடிக்க விடாமல் செய்த தளர்ச்சியே அதன் அருமையை உணரவும் விடாமல் செய்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். வாதம் சாமர்த்தியமானது. அந்த வாதத்துக்குப் பதில் சொல்லக்கூடியவர்தான் இல்லை. பேய்லியின் புத்தகத்தைப் படித்து, ‘நம் வீட்டில் நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு’ என்று எத்தனையோ குடும்பங்கள் தெரிந்துகொண்டிருக்கும். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. நன்மை விளைந்தது என்பதற்காகக் கேட்டிருக்க வேண்டிய அனுமதி கேட்கப்பட்டதாக ஆகிவிடாது.

இனி, வாசகர்கள் என்னிடம் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். ‘மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் இந்த மறதி வராது’ என்கிறார்களே, அது நிஜமா? குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறவர்கள் எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் போடுகிறார்கள். மர்டாக்கை விட மூளைக்கு வேலை கொடுத்தவர் யார்? தத்துவம், 26 நாவல், கிரேக்க மொழி, போதாததற்கு நீச்சல். அப்படியும் வந்தது. ஆகையால் வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986 முதல் கன்னிமாடங்களில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். 75 வயது கடந்த 678 கன்னிகாஸ்திரீகள் அதற்கு இசைந்தார்கள். இறந்த பிறகு தங்கள் மூளையையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். மடத்தில் சேரும் இளம் வயதில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் குறிப்பைக் கையால் எழுதித் தந்திருந்தார்கள். அவற்றில் 93 குறிப்புகளை எடுத்து, பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து அடங்கியிருக்கிறது என்று எண்ணினார்கள். சுமார் அறுபது வருஷத்துக்குப் பின் புத்தி தளர்ந்தவர்களில் அதிகம் பேர், இளமையில் கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்கள். 1996-ல் இதை வெளியிட்டபோது அவர்களில் 14 பேர் காலமாகியிருந்தார்கள். செறிவு குறைவாக எழுதியவர்கள் எல்லோர் மூளையிலும் அல்ஸைமர் இருந்தது. செறிவாக எழுதியவர்கள் ஒருவர் மூளையிலும் இல்லை. 14 என்பது சிறிய எண்ணிக்கை. அந்த இளம் வயதிலேயே வியாதி விதை போட்டிருந்ததா, அல்லது செறிந்த மனம்தான் கவசமாக இருந்ததா என்பதும் இதிலிருந்து விளங்காது.

அந்த மடங்களில் சகோதரி மேரி என்று ஒருவர் இருந்தார். 101 வயதில் இறக்கும் வரையில் ஞாபகப் பரீட்சைகளில் நன்றாகத் தேறியவர். இறந்த பிறகு பார்த்தால் மூளையில் அல்ஸைமரின் அடையாளங்கள் ஏராளமாக இருந்தன! வியாதி இருந்தும் அவர் அதை வெளியே காட்டவில்லை. மூளையில் இப்படிச் சேமிப்பு ஒன்று இருப்பதாக நிபுணர்கள் சொல்கிறார்கள். பாங்கியில் பணம் உள்ளவன் நஷ்டத்தைக் கொஞ்ச நாள் தாங்குவதுபோலத்தான். இன்னொன்றும் தெரிந்தது. அல்ஸைமரின் அடையாளங்களோடு, மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்ட தழும்பும் இருந்தவர்களுக்குத்தான் புத்தி அதிகமாகத் தடுமாறியது. ஆக, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொல்லும் வைத்தியர் நம் இருதயத்தை மட்டும் காப்பாற்றவில்லை.

‘லான்ஸெட்’ என்ற வைத்தியப் பத்திரிகை கூட்டிய நிபுணர் குழு 2024-ல் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று ஒரு ஜாபிதா கொடுத்தது. இளமையில் படிப்புக் குறைவு, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலையில் அடி, உடம்பை அசைக்காமலிருப்பது, சர்க்கரை வியாதி, புகை, ரத்த அழுத்தம், பருமன், மிதமிஞ்சிய குடி, தனிமை, அசுத்தக் காற்று, பார்வைக் குறைவு. இவை யாவும் இல்லாமற்போனால் உலகத்தில் சுமார் 45 சதவிகித டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது ஊருக்குப் போட்ட கணக்கு. தனி மனிதருக்குப் போட்டதல்ல. ‘எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், எனக்கு ஏன் வந்தது’ என்று கேட்பவருக்கு இதில் பதில் கிடையாது. ‘நீ ஒழுங்காக இல்லை, அதனால் வந்தது’ என்று பிறரைக் குத்துவதற்கும் இதில் இடம் கிடையாது.

ஜாபிதாவில் இரண்டாவதாக நான் எழுதியிருப்பதைப் படித்தபோது என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

என் அத்தைதான் என் முதல் வாசகி. வாராந்தரப் பத்திரிகையில் வந்த என் முதல் தொடர்கதையை வாரா வாரம் கத்தரித்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தாள். ‘நாலாவது வாரத்துல ஊருக்குப் போன பிள்ளை ஒன்பதாவது வாரத்துல எப்படிடா அடுப்படியில நிக்கிறான்?’ என்று கேட்டு, பத்திரிகை ஆசிரியரே கவனிக்காத பிழையைப் பிடித்தவள். அறுபத்தைந்து வயதுக்குமேல் அவளுக்குக் காது மந்தமாயிற்று. கருவி வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. கத்திக் கத்திச் சொல்வதற்குச் சலித்துப்போய், ‘ஒண்ணுமில்லே அத்தை’ என்று சொல்லப் பழகிக்கொண்டோம். கூடத்தில் எல்லோரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள். ஐந்தாறு வருஷம் இப்படியே போயிற்று.

என் மூன்றாவது நாவலைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: “இதுல கடைசியில அழறாளே ஒரு பொண்ணு, அவ யாருடா? முன்னாடி சொல்லவே இல்லையே!”

அந்தப் பெண் முதல் அத்தியாயத்திலிருந்து வருகிறவள். கதையின் நாயகியே அவள்தான்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கறையில்லாமல் புரட்டிவிட்டுக் குற்றம் சொல்கிறாள் என்று எண்ணினேன். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. உப்பை இரண்டு தடவை போடுகிறாள், வந்தவர்களையே ‘எப்ப வந்தே’ என்று மறுபடி கேட்கிறாள் என்றெல்லாம் சொன்னார்கள். ‘வயசாச்சு’ என்றேன். வைத்தியரிடம் அழைத்துப் போனபோது இரண்டு வருஷம் கடந்துவிட்டது. இப்போது அவள் இல்லை.

காது கேட்காததால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. எவரும் அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஒரு பரீட்சையில், முதியவர்களுக்குக் காதுக் கருவி கொடுத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. அபாயம் அதிகமுள்ளவர்களிடம் மட்டும் புத்தித் தளர்ச்சியின் வேகம் 48 சதவிகிதம் குறைந்தது. என் அத்தை எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருப்பாளோ! கருவி வைத்திருந்தால் கூடத்துச் சிரிப்புக்குக் காரணமாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். தைராய்டு கோளாறு, பி-12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் இவற்றால்கூட மறதி வருவதுண்டு. அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் அழைத்துப் போயிருந்தால் அதையாவது பார்த்திருக்கலாம்.

லண்டன் விமர்சகர்கள் ஒரு வியாதியை மட்டமான எழுத்து என்று படித்தார்கள். நான் ஒரு வியாதியை மட்டமான விமர்சனம் என்று படித்தேன். அவர்களுக்கு மர்டாக் அந்நியர். எனக்கு அத்தை.

‘ஜாக்ஸனின் தர்மசங்கடம்’ நாவலைச் சில மாதங்களுக்கு முன் மறுபடி படித்தேன். மர்டாக்கின் நல்ல நாவல்களில் இதைச் சேர்க்க மாட்டேன். அனுதாபத்துக்காக நாவலுக்கு மார்க்குப் போடுவது ஆசிரியைக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் கடைசிப் பக்கங்களில், எல்லோருக்கும் வழி காட்டிவிட்ட ஜாக்ஸன் தனியாக உட்கார்ந்து, தன் சக்தி தன்னை விட்டுப் போய்விட்டதோ என்று எண்ணுகிறான். அந்த இடம் நன்றாக இருக்கிறது. வியாதியைப் பற்றி ஒன்றும் தெரியாத வாசகனுக்கும் நன்றாகத்தான் இருக்கும். சொற்கள் குறைந்துகொண்டு வந்த காலத்திலும், மிச்சமிருந்த சொற்களை வைத்து அந்தப் பக்கத்தை அவர் எழுதிவிட்டார்.

வயதான எழுத்தாளர் ஒருவருடைய நாவல் இனிமேல் என்னிடம் மதிப்புரைக்கு வந்தால், குறையைக் குறை என்றுதான் எழுதுவேன். ‘சரக்குத் தீர்ந்துவிட்டது’ என்ற வரியை மட்டும் எழுத மாட்டேன். அத்தை தைத்து வைத்த அந்தத் தொடர்கதை என் அலமாரியில் இருக்கிறது. ஒன்பதாவது வாரத்தின் ஓரத்தில் அவள் பென்ஸிலால் போட்ட கேள்விக்குறி இன்னும் அழியவில்லை.